சங்குமுனையில் எடுத்த போட்டோ

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஆறாம். ஆத்துக்கு இந்தக் கரையிலே ஒரு காலேஜாம், அந்தக் கரையிலே மேட்டு மேலே இன்னொரு காலேஜாம். ரெண்டுக்கும் நடுவிலே ஒரு பந்தாம். அந்தப் பந்துக்காக ரெண்டு காலேஜும் நாற்பது வருஷமா மல்லுக்கட்டிக்கிட்டு இருந்துச்சாம். இந்தக் கரைக் காலேஜிலே ஒரு கோல்கீப்பர் இருந்தானாம்...

சிரிக்காதீங்க அண்ணாச்சி. எங்க தாத்தா எந்தக் கதையானாலும் இப்படித்தான் எடுப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் வாய் அப்படியே ஆகிப்போச்சு. இன்னொரு காரணமும் இருக்கு. 'ஒருத்தன் இருந்தானாம்'னு ஆரம்பிச்சா, அந்த ஒருத்தன் யாருன்னு சொல்றதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம் இல்லையா?

அந்தக் கோல்கீப்பர் நான்தான். பேர் பலவேசம். இப்ப இந்தக் காலேஜிலேயே விளையாட்டுத் துறையிலே உதவியாளர். உங்க மகன் கீழே ஓடிக்கிட்டு இருக்கான் பாருங்க, நீலச் சட்டை, அவன்தானே? நல்லா ஓடுறான். ஞானதுரை சார், அதான் எங்க பி.டி. சார், அவனைப் பாத்த உடனே சேத்துக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டார்னு நினைக்கிறேன். "பையனோட அப்பா கேலரியிலே தனியா உக்காந்திருக்கார், போய்ப் பேசிக்கிட்டிரு, நம்ம காலேஜைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லு"ன்னு என்னை அனுப்பினதே அவர்தான்.

நீங்களோ எடுத்த எடுப்பிலே மேட்டுக் காலேஜைக் கேட்டுட்டீங்க. "அங்கே ஆட்டக்காரப் பையன்களுக்கு வலை, வள்ளம், வீடு எல்லாம் வாங்கிக் குடுக்காங்களாமே, நெசமா?"ன்னு. யார் சொன்னா அண்ணாச்சி உங்களுக்கு? வர்ற வழியிலே பஸ்ஸிலேயா? பாருங்க, மூணு வருஷம் ஆச்சு. இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அதை முதல்லே கிளப்பிவிட்டவன் உங்க பக்கத்திலேதான் உக்காந்திருக்கான்.

இல்ல, சொல்லிடுறேன். யார்கிட்டேயாவது சொல்லணும்னு இருந்தேன். தெரிஞ்சவங்ககிட்டே சொல்ல வாய் வரலே.

அந்த வருஷம் மேட்டுக் காலேஜிலே ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் இருந்தான். கித்தேரியான்னு பேர். கடற்கரைக்காரன், சங்குமுனை ஊர். அப்பா மீன்பிடிக்கிறவர். அவன் காலுக்குப் பந்து வந்தா, மேய்ச்சல் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மாடு மாதிரி பந்து அப்படியே நிக்கும். முந்தின வருஷ இறுதி ஆட்டத்திலே எனக்கு நாலு கோல் போட்டான். நாலு! நாலாவது கோல் என் ரெண்டு காலுக்கும் நடுவிலே போச்சு. கேலரியிலே இருந்து ஒருத்தன், "ஏலே பலவேசம், வாசக்கதவைச் சாத்துலே, கோழி உள்ளே வருது!"ன்னு கத்தினான். மைதானமே சிரிச்சது. அன்னையிலிருந்து எனக்கு 'வாசக்கதவு'ன்னுதான் பேர். ஹாஸ்டல் வாட்ச்மேன்கூட என்னைக் கண்டா, "கதவு வந்துட்டாரு, இனிமே கேட்டைப் பூட்டிரலாமா?"ம்பார்.

கித்தேரியான் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாவட்ட முகாமிலே ரெண்டு பேரும் ஒரே அறை. "பலவேசம், நீ இடது பக்கம் தாவும்போது முழங்கையை முன்னே விடுதே, அதான் பந்து கீழே போவுது"ன்னு அவனே சொல்லித் தருவான். எனக்குக் கோல் போடுறவனே எனக்குப் பாடம் சொன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. கேலி செஞ்சிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

எங்க ஹாஸ்டல்லே அவனைப் பத்தி தினம் ஒரு பேச்சு. எங்க கேப்டன் மாசானம்தான் ஆரம்பிப்பான்.

"அவனுக்குத் தினம் ஆறு முட்டையாம்ல."

"ஆறா? அப்ப கோழியையே வாங்கிக் குடுத்திருப்பானுவ. அதான் நம்ம பலவேசம் வாசல் வழியா உள்ளே வருது."

"பூட்ஸ் கப்பல்லே வருதாம். பரீட்சை எழுத வேண்டாமாம். பேப்பர் தானா எழுதிக்கிடுமாம்."

இப்படித்தான். ஒருத்தன் சொன்னா அடுத்தவன் ஒரு படி ஏத்துவான். ஏத்தாதவன் கையாலாகாதவன்.

எங்க காலேஜிலே அப்படி எல்லாம் கிடையாது அண்ணாச்சி, அதை முதல்லே சொல்லிடுறேன். இங்கே ஆட்டக்காரங்களைக் குடும்பமா நினைப்பாங்க. நான் சேர்ந்த மறுவாரமே எங்க அப்பாவுக்குக் காலேஜ் தோட்டத்திலே வேலை போட்டுக் குடுத்தாங்க. எங்க வீட்டுக் கஷ்டத்தைப் பாத்துச் செஞ்சது அது. நான் மண்டலக் கோப்பை ஆடின வருஷம் என் தங்கச்சிக்கு நர்சிங் சீட்டு கிடைச்சது. காலேஜ் செயலர் ஐயாவுக்கு எங்க குடும்பத்து மேலே ஒரு இரக்கம். நான் வகுப்புக்குப் போகாத நாளிலேயும் வருகைப் பதிவிலே வந்திருப்பேன். ஊர் ஊரா அலைஞ்சு ஆடுற பையனுக்கு அவ்வளவுகூட செய்யலேன்னா எப்படி? மேட்டுக் காலேஜைப் பத்திச் சொன்னது வேற மாதிரி. ஆளை விலைக்கு வாங்குறது. ரெண்டும் ஒண்ணு இல்லை பாருங்க.

சரி. விஷயத்துக்கு வர்றேன். அந்த வருஷம் அவனுக்கும் கடைசி வருஷம், எனக்கும் கடைசி வருஷம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி முடிஞ்சதும் பல்கலைக்கழக அணிக்குப் பதினெட்டுப் பேரைப் பட்டியல் போடுவாங்க. அந்தப் பட்டியலிலே பேர் வந்தவங்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டிலே வேலை கிடைக்க வழி உண்டு. முந்தின மூணு வருஷத்திலே அப்படி ஏழு பேர் போயிருந்தாங்க. கித்தேரியானுக்கு ரெண்டு அண்ணன்மார். ஒருத்தர் கடலுக்குப் போய்த் திரும்பலே. மிச்சமிருக்கிற பிள்ளைங்க யாரும் இனி வள்ளம் ஏறக் கூடாதுன்னு அவன் அம்மா பிடிவாதமா இருந்தாங்க. அதனாலே அவனுக்கு அந்தப் பட்டியல்தான் எல்லாம். முகாமிலே என்கிட்டே சொல்லியிருக்கான். "பட்டியல்லே பேர் வரலேன்னா நானும் வள்ளத்துலதான் ஏறணும். அம்மா பாவம்லே"ன்னு.

இதெல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சேன். அதையும் சொல்லிடுறேன்.

ஆகஸ்ட் மாசம் அவங்க ஊர்க் கோயில் திருவிழா. "சப்பரம் பாக்க வாலே, எங்க அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காவ"ன்னு கூப்பிட்டான். போனேன். சின்ன வீடு. முன்னறையிலே பாய் விரிச்சு எனக்குத்தான் முதல் சாப்பாடு. சீலா மீன் குழம்பு, பொரிச்சது, இன்னும் என்னென்னவோ. எங்க ஊர்ப் பக்கம் மீன்னா குளத்துக் கெண்டைதான். நான் முள்ளு எடுக்கத் தடுமாறுறதைப் பாத்து அவன் அம்மாவே பக்கத்திலே உக்காந்து முள்ளு எடுத்துத் தட்டிலே வெச்சாங்க. "நல்லாச் சாப்பிடு மக்கா. எம்மவன் உனக்கு நாலு கோலு போட்டான்னு சொன்னான். அதுக்கு நாலு துண்டு மீனாவது தின்னுட்டுப் போ"ன்னாங்க. வீடே சிரிச்சது. நானும் சிரிச்சேன்.

அவன் அப்பா பேர் தொம்மை. அதிகம் பேச மாட்டார். அவர் உள்ளறையிலே உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருந்தார். வெள்ளை வலை. அன்னைக்குத்தான் தொடங்கினது, மடி கொள்ளுற அளவுதான் சேர்ந்திருக்கு. பக்கத்திலே நைலான் நூல்கண்டு அடுக்கியிருக்கு. நூல் வந்த சாக்கிலே கொட்டை எழுத்திலே 'மேட்டுக் காலேஜ் விளையாட்டுத் துறை'ன்னு எழுதியிருக்கு.

கை கழுவிட்டு வந்தவன், போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். வலை, நூல், சாக்கு எழுத்து, எல்லாம் வர்ற மாதிரி. யாரும் கவனிக்கலே. அவன் அம்மா எனக்குக் கருவாடு பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தாங்க.

பஸ்ஸிலே திரும்பும்போது எங்க அணி குரூப்பிலே அதைப் போட்டேன். கீழே ஒரே ஒரு வார்த்தைதான் எழுதினேன். 'பாத்தீங்களா?'ன்னு. வேற ஒண்ணும் எழுதலே அண்ணாச்சி. பொய் ஒண்ணும் சொல்லலே. எங்கிட்டே அந்த மெசேஜ் இன்னும் இருக்கு. பாத்தீங்களா, அவ்வளவுதான்.

பஸ் எங்க ஊர் வந்து சேர்றதுக்குள்ளே அது, மேட்டுக் காலேஜ் அவங்க அப்பாவுக்கு வலை வாங்கிக் குடுத்திருக்குன்னு ஆச்சு. மறுநாள் காலையிலே மெஸ்ஸிலே வலையோட வள்ளமும் சேர்ந்தது. சாயங்காலம் பயிற்சிக்கு வந்தப்போ வள்ளத்துக்கு எஞ்சினும் மாட்டியாச்சு. ஒரு வாரத்திலே சங்குமுனையிலே மாடி வீடு எழும்பிருச்சு. மாசானம் என் தோளிலே தட்டி, "கதவு, நீ ஆளு பெரியவன்லே. இத்தனை நாள் சும்மா இருந்துட்டு ஒரே தாவுலே பிடிச்சுட்டே"ன்னான். ஒரு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் முதல் தடவையா எவனும் என்னைக் கேலியா பேசலே. மெஸ்ஸிலே எனக்கு இடம் போட்டு வெச்சாங்க. அது நல்லா இருந்தது. ஆமா, நல்லாத்தான் இருந்தது.

ஞானதுரை சார் கூப்பிட்டார். போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தார். "இது போதும்"ன்னார். பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினார். ஆடுறதுக்காகக் காசோ பொருளோ வாங்கின ஆட்டக்காரன் ஆடத் தகுதி இல்லைன்னு விதி இருக்கு. சாட்சின்னு ஒரு இடம் விட்டு, அதிலே என் பேரை எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அப்புறம் ஒருநாள் கித்தேரியான் போன் பண்ணினான்.

"பலவேசம், எவனோ எங்க வீட்டுக்குள்ளே வந்து போட்டோ எடுத்திருக்கான்லே. திருவிழா அன்னைக்குத்தான் இருக்கணும். ஊர் பூரா வந்து போச்சு. நீ உக்காந்திருந்தப்போ யாரையாவது பாத்தியா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துட்டு, "இல்லையேலே"ன்னேன்.

"யோசிச்சுப் பாரு. உனக்கு ஞாபகம் வந்தாச் சொல்லு. எங்க அப்பா சாப்பிட மாட்டேங்காரு."

"சரிலே"ன்னேன்.

விசாரணைக்கு முந்தின நாள் ஞானதுரை சார் என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போனார். எங்க அப்பா தூரத்திலே செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தார். சார் அவரையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்பா உடம்புக்கு நல்லா இருக்காராப்பா? தங்கச்சிக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்குல்லா?"ன்னு கேட்டார். "ஆமா சார்"ன்னேன். "நல்லது. நாளைக்கு நிதானமாப் பேசு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அவ்வளவு வேலைக்கு நடுவிலேயும் என் குடும்பத்தை விசாரிச்சார் பாருங்க. இன்னைக்கும் அப்படித்தான். உங்க மகன் சேர்ந்தா உங்களையும் அப்படித்தான் விசாரிப்பார்.

விசாரணை பல்கலைக்கழக மைதானத்திலே, பெவிலியன் மாடியறையிலே நடந்தது. காலை பதினோரு மணி. மூணு பேர் கமிட்டி. தலைவர் வயசானவர், நல்ல மாதிரி, ஆனா அடிக்கடி கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தார். ஒரு பக்கம் நானும் ஞானதுரை சாரும். எதிரே கித்தேரியான், அவங்க பி.டி. சார், தொம்மை அப்பா. அவர் சங்குமுனையிலேருந்து ரெண்டு பஸ் மாறி, தோளிலே ஒரு பெரிய மூட்டையோட வந்திருந்தார். வேட்டி சட்டை சலவை போட்டது. மூட்டை பட்ட இடத்திலே சட்டை தோள் பக்கம் வேர்வையிலே நனைஞ்சிருந்தது.

சாட்சி பேர் பலவேசம்னு தலைவர் படிச்சார். கித்தேரியான் என்னைப் பாத்தான். அதுவரைக்கும் நான் அவனுக்காகப் பேச வந்திருக்கேன்னு நினைச்சிருக்கான் அண்ணாச்சி. என்னைப் பாத்துக் கையெல்லாம் ஆட்டினான் உள்ளே வரும்போது.

அவங்க பி.டி. சார் சொன்னார். "அது மீன் வலை இல்லைங்கய்யா, கோல் வலை. இந்த வருஷம் இறுதி ஆட்டம் எங்க மைதானத்திலே. பழைய வலை கிழிஞ்சு போச்சு. நூல் வாங்கிக் குடுத்தா நாங்களே பின்னித் தர்றோம்னு இவங்க சொன்னாங்க. கூலிகூட வேண்டாம்னுட்டாங்க."

தொம்மை அப்பா எழுந்து மூட்டையை அவிழ்த்தார். மேசையிலே, நாற்காலியிலே, தரையிலே எல்லாம் வலை பரவிச்சு. "பாருங்கய்யா. மிதவை கட்டலே, ஈயம் கட்டலே. வெள்ளை நூலு. இதைக் கடல்லே போட்டா மீனு தூரத்துலேயே பாத்துட்டு விலகிப் போயிரும். மிச்சம் ரெண்டு கண்டு நூலு இருந்திச்சு, அதையும் கொண்டாந்திருக்கேன்"ன்னு மடியிலேருந்து எடுத்து மேசையிலே வெச்சார்.

ஞானதுரை சார் மெதுவா எழுந்தார். "அய்யா, புகார் வந்த பிறகு இப்படி ஒரு வலையைப் பின்னிக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்? போட்டோவிலே இருக்கிறது இதுதான்னு என்ன அத்தாட்சி? பாத்தவன் இருக்கான், அவனைக் கேளுங்க"ன்னார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ கோல்கீப்பர். அன்னைக்கு அந்த வீட்டிலே நீ பாத்தது இந்த வலைதானா?"

அண்ணாச்சி, இப்ப ஒண்ணு சொல்லணும். இவ்வளவு நேரம் சொல்லாம விட்டுட்டேன்.

அன்னைக்கு அந்த உள்ளறைக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போனதே அவன் அம்மாதான். "வா மக்கா, உன்னாலே ஒரு உதவி ஆகணும்"ன்னாங்க. வலை பின்ன ஒரு அளவுக் கட்டை வெச்சிருப்பாங்க. அந்தக் கட்டை அகலம்தான் கண்ணியோட அகலம். நெத்திலிக்கு இவ்வளவு, சாளைக்கு இவ்வளவு, சீலாவுக்கு இவ்வளவுன்னு மீனுக்கு ஒரு கட்டை. கோலுக்கு எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியலே. கித்தேரியானுக்கும் சரியாச் சொல்லத் தெரியலே. அவன் வலையை முன்னாலேருந்து பாக்குறவன். நான்தானே பதினோரு வருஷமா அதுக்கு முதுகைக் குடுத்து நிக்கிறவன். பந்து உள்ளே போனா கண்ணிக்குள்ளே கையை விட்டுத்தானே வெளியே எடுப்பேன். "உள்ளங்கை அகலம் இருந்தாப் போதும்மா"ன்னேன். "அப்ப கையை வையி"ன்னாங்க. ஒரு புதுப் பலகைத் துண்டிலே என் கையை விரிக்காம வெச்சேன். தொம்மை அப்பா என் கைக்கு ரெண்டு பக்கமும் கரியாலே கோடு போட்டு, அப்பவே அரிவாளாலே செதுக்கிக் கட்டை செஞ்சார். "கோல்கீப்பர் கை பட்ட வலை, இதுலே எம்மவன் எப்படிக் கோலு போடுவான்னு பாப்பம்"ன்னு அவங்க சொன்னதும் வீடே சிரிச்சது. நாலு துண்டு மீன் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

முதல்லே என் கையைக் குடுத்தேன். சாப்பிட்டேன். அப்புறம் போட்டோ எடுத்தேன்.

தலைவர் மறுபடியும் கேட்டார். "சொல்லுப்பா, இதுதானா?"

ஞானதுரை சார் என்னைப் பாக்கவே இல்லை. ஜன்னல் வழியா மைதானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தார். எனக்கு எங்க அப்பா செடிக்குத் தண்ணி விட்டது ஞாபகம் வந்தது, ஏன்னு தெரியலே.

"சரியாச் சொல்ல முடியலே சார்"ன்னேன். என் குரல் எனக்கே கேக்கலே. நான் எப்பவும் மெதுவாத்தான் பேசுவேன். மெதுவாப் பேசுறவன் சொல்றது நெசமாத்தான் இருக்கும்னு ஆளுங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கு.

தொம்மை அப்பா முகம் மலர்ந்துதான் இருந்தது. எனக்குப் புரியலேன்னு நினைச்சுக்கிட்டார். "தம்பி, நீதானே அளவு குடுத்தே. அய்யா, இந்தத் தம்பி கைதான் அளவு. கையை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, பொருந்தும்"ன்னார் கமிட்டியைப் பாத்து.

"அப்படியாப்பா?"ன்னார் தலைவர்.

கித்தேரியான் எழுந்தான். கோபமா இல்லை. கெஞ்சலாவும் இல்லை. "பலவேசம், நீ வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்லே. கையை மட்டும் காட்டு."

ரெண்டு கையும் பேண்ட் பைக்குள்ளே இருந்தது. அப்படியே வெச்சுக்கிட்டு, "எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லை சார்"ன்னேன்.

தொம்மை அப்பா வாய் திறந்தபடி என்னையே பாத்துக்கிட்டு நின்னார். கடல்லே வழக்கமாக் கரை தெரியுற இடத்திலே கரையைக் காணோம்னா ஒரு ஆள் எப்படிப் பாப்பானோ, அப்படி. பிறகு மெல்ல உக்காந்துட்டார்.

தலைவர் ரெண்டு பேர்கிட்டேயும் குனிஞ்சு பேசினார். கடிகாரத்தைப் பாத்தார். "சந்தேகத்துக்கு இடம் இருக்கு. முழு விசாரணை பிறகு வெச்சுக்கிடலாம். அதுவரை இந்தப் பையன் ஆட வேண்டாம்"ன்னார்.

அந்த முழு விசாரணை இன்னைக்கு வரைக்கும் நடக்கலே. இறுதி ஆட்டம் நாங்க ஜெயிச்சோம். கோப்பை ஆபீஸ் அறைக் கண்ணாடி அலமாரியிலே இருக்கு, போகும்போது பாத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் பதினெட்டுப் பேர் பட்டியல் வந்தது. அவன் பேர் இல்லை. என் பேர் இருந்தது. அந்தச் சான்றிதழை வெச்சுத்தான் இந்த வேலை. அவன் அப்பாகூட வள்ளத்திலே போறான்னு கேள்விப்பட்டேன். அவன் அம்மாவைப் பத்தி யாரும் சொல்லலே. நான் கேட்கவும் இல்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிஞ்சது. நான் உங்ககிட்டே சொல்ல வந்தது அன்னைக்கு மத்தியானம் நடந்தது.

தீர்ப்பு சொன்னதும் கமிட்டி ஆட்கள் கிளம்பிப் போனாங்க. ஞானதுரை சார் என் முதுகிலே தட்டிட்டு, "கீழே கார்லே இருக்கேன், வா"ன்னு போனார். அவங்க பி.டி. சார் யாருக்கோ போன் பேசிக்கிட்டே படி இறங்கினார். கித்தேரியான் வாசல் வரைக்கும் போனான், நின்னான். ஏதாவது கேட்பான்னு பாத்தேன். "ஏம்லே"ன்னாவது கேட்பான்னு. கேட்டிருந்தா நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் அவங்க அப்பாவைப் பாத்து, "நான் பஸ் நிக்குதான்னு பாக்குதேன்ப்பா"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டான். என்னைக் கடந்துதான் போனான்.

அறையிலே நானும் தொம்மை அப்பாவும் மட்டும். வலை அறை பூராப் பரவிக் கிடக்கு. அவர் குனிஞ்சு ஒரு பக்கத்தைச் சுருட்டினா மறுபக்கம் நாற்காலிக் காலிலே மாட்டிக்கிடுது. இருபத்து நாலு அடி வலை, ஒரு ஆள் மடிக்கிற காரியம் இல்லை. ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணிட்டு நிமிர்ந்தார். வேற யாரும் இல்லைன்னு பாத்தார்.

"தம்பி, அந்த முனையைக் கொஞ்சம் பிடி"ன்னார்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமா ஒண்ணும் இல்லை. வேலை முடியணுமே, அந்தக் குரல்.

பையிலேருந்து கையை எடுத்தேன். வலையைப் பிடிச்சேன். நைலான் நூல் வழுக்குது, கண்ணிக்குள்ளே கையை விட்டாத்தான் நிக்கும். விட்டேன். அவர் அந்தப் பக்கம் இழுத்து விறைப்பா ஆக்கினார். பிறகு ரெண்டு பேரும் நடந்து வந்து முனையை முனையோட சேர்த்தோம். மறுபடி பின்னாலே போனோம், மறுபடி வந்தோம். ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் முகத்துக்கு நேரே போய் நிக்க வேண்டியிருந்தது. நாலு மடிப்பு. நான் தரையைத்தான் பாத்தேன். அவர் கால் விரல் எல்லாம் உப்புத் தண்ணியிலே வெடிச்சு வெள்ளையா இருந்தது.

கடைசி மடிப்பிலே ரெண்டு பேருக்கும் நடுவிலே ஒரு சாண் வலைதான் பாக்கி. அவர் வாங்க வந்தவர் வாங்காம நின்னார். என் கையைப் பாத்துக்கிட்டு நின்னார். கண்ணி ரெண்டு பக்கமும் நூல் கொஞ்சம்கூடத் தொய்வு இல்லாம என் உள்ளங்கையைச் சுத்தி நிக்குது. அளவெடுத்துக் கட்டின மாதிரி. நான் கையை இழுக்கப் பாத்தேன். அவசரத்திலே வரலே. அவரே ஒவ்வொரு விரலா விடுவிச்சு எடுத்துவிட்டார். மீனை வலையிலேருந்து எடுக்கிற கைதானே, செதில்கூட உதிராம எடுக்கும்.

"அப்பா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"போதும் தம்பி"ன்னார்.

மூட்டையைக் கட்டினார். தோளிலே ஏத்தினார். மேசை மேலே இருந்த ரெண்டு நூல்கண்டைத் திரும்ப மடியிலே வெச்சுக்கப் போனவர், என்ன நினைச்சாரோ, காலேஜ் பொருள்னு முணுமுணுத்துட்டு, அங்கேயே வெச்சுட்டார். படியிலே பாரத்தோட ஒவ்வொரு காலா இறங்கினார். ஜன்னல் வழியாப் பாத்தேன். வெயில். மைதானத்தைக் குறுக்கே வெட்டி நடந்தார், வலை இல்லாம வெறுமனே நின்ன கோல் கம்பத்தைத் தாண்டினார், கேட்டைத் திறந்து, மறுபடி கொண்டியைப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டார்.